கினோசாகி வெந்நீரூற்று ஊருக்குச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானின் ஹியோகோ மாகாணத்தில், ஜப்பான் கடலுக்கு அருகே அமைந்திருக்கும் சிற்றூர் கினோசாகி ஒன்சென். ஒன்சென் என்றால் வெந்நீரூற்று. கியோத்தோவிலிருந்து விரைவு ரயிலில் ஏறினால் ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் போய்ச் சேரலாம். தோச்சி என்ற பௌத்தத் துறவி ஆயிரம் நாள் நோன்பிருந்து வழிபட்டதன் பயனாக 720ஆம் ஆண்டில் இங்கே வெந்நீர் ஊறத் தொடங்கியது என்பது ஊரார் சொல்லும் தலவரலாறு. 1925ஆம் ஆண்டு நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த தீயும் ஊரை அழித்துவிட்டன. இன்று நாம் காணும் மரக் கட்டடங்களும், ஓத்தானி ஆற்றின் கல் பாலங்களும், கரையோரத்து வில்லோ மரங்களும் அதற்குப் பின் எழுப்பப்பட்ட ஊரின் முகம்.

இந்த ஊரைப் பற்றி முதலில் அறிய வேண்டியது ஒன்றுண்டு. ரயில் நிலையம் தலைவாசல், தெருக்கள் தாழ்வாரங்கள், விடுதிகள் அறைகள், ஏழு பொதுக் குளியலகங்கள்தாம் குளியலறை. ஊர் முழுவதும் ஒரே விடுதி என்றே கினோசாகி மக்கள் கருதுகிறார்கள். நிலநடுக்கத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஒரு விடுதி தன் வளாகத்துக்குள்ளேயே வெந்நீர்க் குளியல் அமைக்க முற்பட்டபோது ஊர் இரண்டுபட்டது. நீதிமன்றம் வரை சென்ற அந்தப் பிணக்கு 1950இல்தான் சமரசத்தில் முடிந்தது. விடுதிகளுக்குள் குளியலறைகள் வந்தன, ஆனால் அவை சிறியனவாகவே இருக்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. ஊற்று நீர் ஊருக்குப் பொது என்ற இந்த எண்ணத்தை மனத்தில் இருத்திக்கொண்டால், கீழே சொல்லப்போகும் விதிகளில் பெரும்பாலானவற்றை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இராது.

வெளிநாட்டுப் பயணிகள் செய்யும் தவறுகளில் மிகுந்த இழப்பைத் தருவது நேரத்தைத் தவறாக வகுப்பதுதான். பகலெல்லாம் கியோத்தோவின் கோயில்களைச் சுற்றிவிட்டு இரவு எட்டு மணிக்குக் கினோசாகியில் இறங்கினால், பாரம்பரிய விடுதியான ரியோகானில் இரவு உணவு கிடைக்காமல் போகக்கூடும். ரியோகானின் கட்டணம் பொதுவாக ஓர் அறைக்கு அல்லாமல் ஓர் ஆளுக்கு என்று, இரவு உணவையும் காலை உணவையும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது. அந்த இரவு உணவு பெரும்பாலும் மாலை ஆறு மணிக்கும் ஏழரை மணிக்கும் இடையே பரிமாறத் தொடங்கப்படும் பல வகை விருந்து என்பதால், தாமதமாக வருபவருக்காக அதை எடுத்து வைத்திருக்க இயலாது. பிற்பகல் மூன்று மணிக்கே அறை எடுத்து, உணவுக்கு முன் ஒரு குளியல், உணவுக்குப் பின் ஓய்வெடுத்து இன்னொரு குளியல், விடிந்ததும் ஒன்று என்று வகுத்துக்கொள்வதே முறை.

ஏழு குளியலகங்களும் எப்போதும் திறந்திருக்கும் என்று நம்பிப் போவதும் தவறு. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு கிழமை விடுமுறை உண்டு. கோஷோ-நோ-யு, இச்சி-நோ-யு போன்றவை காலை ஏழு மணிக்கே திறக்கின்றன. மந்தரா-யு, யனாகி-யு ஆகியவை பிற்பகல் மூன்று மணிக்குத்தான் திறக்கின்றன. ஊரில் தங்குபவர்களுக்கு ஏழிலும் கட்டணமின்றி நுழைய விடுதியே அனுமதிச் சீட்டுத் தருகிறது. அந்தச் சீட்டு கையில் வந்தவுடன் ஏழையும் ஒரே மாலையில் முடித்துவிட வேண்டும் என்று பலர் கிளம்பிவிடுகிறார்கள். அது வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. உடல் சூடு ஏறிக்கொண்டே போய், நான்காவது குளியலில் தலைசுற்றல்தான் மிஞ்சும். குகை போன்ற குளியல் வேண்டுமானால் இச்சி-நோ-யு, திறந்தவெளியில் அருவியைப் பார்த்தபடி அமர வேண்டுமானால் கோஷோ-நோ-யு, காயம்பட்ட நாரை ஒன்று தன் காலை ஆற்றிக்கொண்டதாகக் கதை வழங்கும் பழைய இடம் வேண்டுமானால் கோ-நோ-யு. ஒரு மாலைக்கு இரண்டு அல்லது மூன்று போதும்.

சைவ உணவினர் இங்கே மிகுந்த எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும். “இறைச்சி சாப்பிட மாட்டேன்” என்று மட்டும் சொன்னால், மீன் சாப்பிடுவார் என்றே ஜப்பானில் எடுத்துக்கொள்வார்கள். அதைவிடச் சிக்கலானது தாஷி என்னும் அடிப்படைச் சாறு. காய்ந்த போனிட்டோ மீனின் சீவல்களையும் கடற்பாசியையும் கொண்டு எடுக்கப்படும் இந்தச் சாறு, மிசோ சூப்பில் மட்டுமன்றி, வேகவைத்த காய்கறியிலும், தொட்டுக்கொள்ளும் குழம்பிலும்கூடக் கலந்திருக்கும். பார்வைக்கு முழுச் சைவமாகத் தெரியும் கத்தரிக்காய்க் கிண்ணமும் மீன் சாற்றில் வெந்ததாக இருக்கலாம். ஆகவே முன்பதிவு செய்யும்போதே இறைச்சி, மீன், நண்டு, சிப்பி, மீன் சாறு, தேவையானால் முட்டை என ஒவ்வொன்றையும் தனித்தனியே ஜப்பானிய மொழியில் எழுதி அனுப்பி, விடுதியின் மறுமொழியைப் பெற்ற பிறகே பணம் செலுத்துங்கள். இயலாது என்று விடுதி சொன்னால் அதை நேர்மையான பதிலாக ஏற்றுக்கொண்டு, உணவில்லாத கட்டணத்தில் அறை எடுக்கலாம். ஆனால் இரவில் திறந்திருக்கும் உணவகங்கள் குறைவு என்பதால் உணவைக் கையோடு கொண்டுவர வேண்டியிருக்கும். நவம்பர் 6ஆம் தேதி தொடங்கி மார்ச் மாதம் வரை நீளும் மாட்சுபா நண்டுப் பருவத்தில் விருந்து முழுவதுமே நண்டாகத்தான் இருக்கும்; கட்டணமும் உயர்ந்துவிடும். நண்டை விரும்பி உண்பவர்களுக்கு அதைவிடச் சிறந்த பருவம் வேறில்லை, சைவர்களுக்கோ அது பொருந்தாத பருவம்.

விடுதிக்குள் நுழைந்ததும் காலணியை வாயிலிலேயே கழற்றுவது நமக்குப் பழக்கமானதுதான். ஆனால் உள்ளே தரும் செருப்புடன் தத்தாமி பாய் விரித்த அறைக்குள் நடப்பது தவறு என்பதும், கழிவறைக்கென வைத்திருக்கும் தனிச் செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. சக்கரப் பெட்டியைப் பாய்மீது உருட்டக் கூடாது. சுவரில் ஓவியச் சுருளும் பூச்சாடியும் வைத்த சிறு மாடம் அறையில் இருந்தால், அது பெட்டி வைக்கும் இடமன்று. பணியாளர்களுக்கு அன்பளிப்புப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

விடுதி தரும் யுகாத்தா என்னும் பருத்தி அங்கியையும், கெத்தா என்னும் மரச் செருப்பையும் அணிந்தே ஊரார் கண்முன் தெருவில் நடக்கலாம். கினோசாகியில் அதுவே மாலை உடை. அங்கியின் இடப்பக்கம் வலப்பக்கத்தின் மேல் வரும்படி உடுத்த வேண்டும். மாற்றி உடுத்துவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. ஆகவே ஆணோ பெண்ணோ யாரும் இதில் தவறக் கூடாது. கெத்தாவில் விடுதியின் பெயர் எழுதியிருப்பதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், குளியலக வாசலில் வேறொருவருடையதை மாட்டிக்கொண்டு வரும் தவறு எளிதில் நேரக்கூடியது.

இனிக் குளியலுக்கு வருவோம். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்த உடம்போடு அருவியில் நிற்கிறோம், ஓடும் நீர் அழுக்கைக் கொண்டுபோய்விடுகிறது. இங்கே தொட்டியில் நிறைந்திருக்கும் நீரில் ஒருவர் எழுந்தபின் இன்னொருவர் அமர்கிறார். தொட்டி உடம்பைச் சூடேற்றிக்கொள்ளும் இடமே தவிர, அழுக்குப் போக்கும் இடமன்று. எனவே தொட்டிக்குள் கால் வைக்கும் முன், சுவரோரம் வரிசையாக இருக்கும் குழாய்களில் ஒன்றின் முன் தாழ்வான முக்காலியில் அமர்ந்து, தலைமுதல் கால்வரை சோப்புப் போட்டுத் தேய்த்து, நுரை ஒரு துளியும் மீதமில்லாமல் கழுவ வேண்டும். நின்றுகொண்டு குளித்தால் அருகில் அமர்ந்திருப்பவர்மீது தெறிக்கும், உட்கார்ந்தே குளியுங்கள். தலைக்கு எண்ணெய் வைக்கும் வழக்கமுள்ளவர்கள் ஷாம்பூவை இரண்டு முறை போடுவது நல்லது. நீரின் மேல் எண்ணெய்த் திரை படர்ந்தால் அது எல்லோர் கண்ணிலும் படும். முடித்தபின் முக்காலியையும் வாளியையும் கழுவி, இருந்த இடத்தில் வைத்துவிட வேண்டும். நீண்ட கூந்தலை உயர்த்திக் கட்டிக்கொள்ள வேண்டும். கையோடு கொண்டுசெல்லும் சிறு துண்டைத் தொட்டி நீரில் நனைக்கக் கூடாது. மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்வதோ கரையில் வைப்பதோ வழக்கம். உடை மாற்றும் அறைக்குத் திரும்புமுன் அதே துண்டைப் பிழிந்து உடம்பை ஒற்றிக்கொண்டால், அங்குள்ள தரை ஈரமாகாது.

நீச்சலுடையுடன் இறங்குவது அனுமதிக்கப்படுவதில்லை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதிகள் உண்டென்றாலும், முன்பின் தெரியாதவர்கள் நடுவே உடையின்றி நிற்பது நம்மில் பலருக்கு மனத்தடையாக இருக்கும் என்பது உண்மை. அங்கே யாரும் யாரையும் உற்றுப் பார்ப்பதில்லை. சிறு துண்டை முன்னால் பிடித்தபடி நடப்பதும் இயல்பானதே. அப்படியும் தயக்கம் தீராதவர்கள், விடுதியில் குடும்பத்தாருக்கு மட்டும் ஒதுக்கித் தரும் தனிக் குளியலறை இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்கலாம். பச்சை குத்தியவர்களுக்கு ஜப்பானில் பல இடங்களில் அனுமதி கிடைக்காது, கினோசாகியின் ஏழு பொதுக் குளியலகங்களில் அந்தத் தடை இல்லை. இதை நம்பி வேறோர் ஒன்சென் ஊருக்கும் அப்படியே போய்விடாதீர்கள். நுழைவாயிலில் தொங்கும் திரைச்சீலையைப் பார்க்காமல், முந்தைய முறை போன பக்கமே போவதும் ஆபத்தானது; சில இடங்களில் ஆண்கள் பகுதியும் பெண்கள் பகுதியும் முறைவைத்து மாற்றப்படும். கைப்பேசியை உடை மாற்றும் அறையில்கூட வெளியே எடுக்கக் கூடாது.

நீர் சுமார் 42 பாகைச் செல்சியஸ் வரை சூடாக இருக்கும். கினோசாகியின் நீர் உப்புத்தன்மை கொண்டது என்பதால், வெளியே வந்த பின்னும் உடல் சூடு எளிதில் தணியாது. முதல் முறை ஐந்து நிமிடம் போதும். வெளியே அமர்ந்து ஆறிவிட்டு மீண்டும் இறங்கலாம். மது அருந்திவிட்டு இறங்குவதும், வயிறு நிறைய உண்டவுடன் இறங்குவதும், சூட்டிலிருந்து சட்டென்று எழுந்து நிற்பதும் மயக்கத்தில் கொண்டுபோய் விடும். இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்களும் கருவுற்றவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே செல்ல வேண்டும். முன்னும் பின்னும் தண்ணீர் குடியுங்கள். ஒவ்வோர் ஊரின் நீரும் ஒன்றுபோல் இராது என்பதையும் மறக்கக் கூடாது. குன்மா மாகாணத்தின் குசாட்சு நீர் கடும் அமிலத்தன்மை கொண்டது. மென்மையான தோலுள்ளவர்கள் அங்கே குளித்து முடித்ததும் நல்ல நீரில் கழுவிக்கொள்ள வேண்டும். கந்தக ஊற்றுகளில் வெள்ளிக் கொலுசும் மோதிரமும் கறுத்துப்போகும், முன்பே கழற்றி வைத்துவிடுங்கள்.

காலையில் விடுதியைக் காலி செய்தவுடன் ரயில் நிலையத்துக்கு விரைய வேண்டாம். பெட்டியை விடுதியிலேயே ஒப்படைத்துவிட்டு, கயிற்றுவண்டி நிலையத்தருகே இருக்கும் ஊற்றுவாய்க்கு நடந்து சென்றால், முட்டையை வலைப்பையில் கட்டிக் கொதிநீரில் இறக்கி அவித்துக்கொள்ளலாம். நண்டுப் பருவத்தின் வார இறுதியில் திரும்புவதானால், விரைவு ரயிலின் இருக்கையை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள்.