இலையுதிர்காலத் தொடக்கத்தில் பாஸ் மீன்பிடிப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் டென்னசி ஆற்று நீர்த்தேக்கங்களில், லார்ஜ்மவுத் பாஸ் எனப்படும் பெருவாய் நன்னீர் மீனைப் பிடிப்பவர்களில் பலரை வெறுங்கையோடு கரையேற்றும் காலம், செப்டம்பர் தொடங்கி அக்டோபர் நடுப்பகுதி வரையிலான சில வாரங்கள்தான். கோடை முழுவதும் ஆழ்நீர் மேடுகளில் கூட்டமாக நின்ற மீன்கள் அங்கிருந்து கலைந்துவிடும். காலையில் மீன் கடித்த இடம் பிற்பகலில் வெறிச்சோடிக் கிடக்கும். மீன் கடிப்பதை நிறுத்திவிட்டது என்று சொல்லிக் கிளம்பிவிடுகிறவர்கள் உண்டு. உண்மையில் இந்தப் பருவத்தில் பாஸ் இரையெடுப்பதை நிறுத்துவதில்லை. தன் இரையின் பின்னால் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. அந்த இரை பெரும்பாலும் ஷாட் எனப்படும் வெள்ளி நிறச் சிறுமீன். மத்திக்கு உறவான இந்த மீனில் த்ரெட்ஃபின், கிஸார்ட் என இரண்டு வகைகள் இங்கே மிகுதி. ஷாட் எங்கே என்று பாராமல் பாஸ் எங்கே என்று தேடுவதுதான் முதல் தவறு. கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்து கிளைத்தவையே.

நாட்காட்டியை நம்புதல்

செப்டம்பர் 22 அல்லது 23 அன்று பகலும் இரவும் சமமாகின்றன. அன்று முதல் இலையுதிர்காலம் என்பது வானியல் கணக்கு. தண்ணீருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. வடக்கு அலபாமாவில் செப்டம்பர் முதல் வாரத்தில் மேல்மட்ட நீர் 80 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல், அதாவது ஏறக்குறைய 27 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருப்பது சாதாரணம். காற்றில் குளிர்ச்சி தெரிந்ததும் ஏரியும் குளிர்ந்துவிட்டது என்று எண்ணிப் பருவத்தை மாற்றிக்கொள்பவர்கள், மீன்கள் இன்னும் கோடை இடங்களில் நிற்கும்போதே அவற்றை விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். மேல்மட்ட நீரின் வெப்பநிலை 70களின் மேற்பகுதியிலிருந்து கீழ்ப்பகுதிக்கு இறங்கும் நாட்களில்தான் இடப்பெயர்ச்சி கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். வெப்பநிலையை அளப்பதிலும் ஒரு பிழை நேர்வதுண்டு. வெயிலடிக்கும் பிற்பகலில் காற்றில்லாத ஒரு மூலையில் மேல்நீர் பல டிகிரி சூடேறிவிடும். ஆகவே இன்றைய பிற்பகலை நேற்றைய விடியற்காலையோடு ஒப்பிட்டால் ஏரி சூடாகிவருகிறது என்ற தவறான முடிவுதான் கிடைக்கும். விடியற்காலையை விடியற்காலையோடு மட்டுமே ஒப்பிட வேண்டும்.

ஓடையின் கடைக்கோடிக்கு ஒரே ஓட்டமாக ஓடுதல்

இலையுதிர்காலத்தில் ஷாட் கூட்டங்கள் ஓடைகளுக்குள் போகும் என்பது இங்கே தூண்டில் பிடிக்கும் எல்லோருக்கும் தெரிந்த பாடம். பாதி தெரிந்த பாடம் என்பதுதான் சிக்கல். அணை கட்டியபோது முக்கிய ஆற்றோடு சேர்ந்து அதன் துணை ஓடைகளும் மூழ்கின. அந்த ஓடைகளின் பழைய படுகைகள் இன்றும் நீருக்கடியில் வாய்க்கால்களாக வளைந்து செல்கின்றன. ஷாட் கூட்டங்கள் இந்தப் படுகைகளை ஒட்டிப் பல வாரங்கள் எடுத்துக்கொண்டு உள்ளே நகர்கின்றன. ஆற்றோடு ஓடை சேரும் வாய்ப்பகுதி முதல் தங்குமிடம். அதற்கடுத்து, ஓடைக்குள் கரையிலிருந்து நீருக்குள் நீண்டிருக்கும் நிலமுனைகளும், படுகை வளைந்து கரையைத் தொடும் இடங்களும் வருகின்றன. கடைக்கோடியின் ஆழமற்ற பகுதி கடைசியில்தான். செப்டம்பர் முதல் வாரத்தில் நேரே கடைக்கோடிக்குப் படகை விட்டால், அங்கே வெதுவெதுப்பான, ஆக்சிஜன் குறைந்த நீரும் கைவிரல் நீளக் குட்டி பாஸ்களும் கிடைக்கலாம். பெரிய மீன்கள் அந்நேரம் பின்னால், ஓடையின் வாயருகே நின்றுகொண்டிருக்கும்.

வாயிலிருந்து தொடங்கி உள்நோக்கிப் போவதே முறை. போகும்போது பார்க்க வேண்டியவை சில உண்டு. காற்றற்ற நேரத்தில் நீர்ப்பரப்பின் ஒரு திட்டில் மட்டும் மழைத்தூறல் விழுந்தாற்போல் சிறுசிறு வட்டங்கள் எழுந்தால், மேல்மட்டத்தில் ஷாட் நிற்கிறது என்று பொருள். அந்த வட்டங்கள் திடீரென்று ஒரே திசையில் சிதறித் தெறித்தால், அடியிலிருந்து ஏதோ துரத்துகிறது. கரையோரம் பெரிய நீலக் கொக்கு ஒன்று அசையாமல் நிற்குமானால் அதையும் ஒரு தகவலாகக் கொள்ளலாம். இரையில்லாத கரையில் அது நெடுநேரம் நிற்காது. ஒலியலையால் நீருக்கடியில் இருப்பதைக் காட்டும் சோனாரின் திரையில் ஷாட் கூட்டம் மேகத்திட்டாகத் தெரியும். சோனார் நல்ல கருவிதான், ஆனால் முன்னோக்கிப் பார்க்கும் நவீன சோனார்கள் வந்தபிறகு, நாள் முழுக்கத் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல், முப்பதடி தள்ளி நீர் கலங்குவதைக் கவனிக்காதவர்கள் பெருகிவிட்டார்கள் என்பது என் கருத்து. இந்தப் பருவத்தில் கண்ணும் காதும் தரும் செய்தியைத் திரை முழுவதுமாகத் தந்துவிடுவதில்லை.

ஷாட் இருக்கும் ஓடையிலும் மீன் எங்கும் பரவி நிற்பதில்லை. காற்று நேரே வந்து மோதும் நிலமுனையை, அலையடிக்கிறது என்பதற்காகத் தவிர்த்துவிட்டு, அமைதியான மறுபக்கம் ஒதுங்குவது பலருக்கும் வழக்கம். காற்று மிதவை உயிரிகளை அந்தக் கரைக்குத் தள்ளுகிறது, அவற்றைத் தின்னும் ஷாட் பின்தொடர்கிறது, பாஸும் வந்து சேர்கிறது. அலை நீரைக் கலக்கி வெளிச்சத்தை மங்கச் செய்வதால், பாஸ் செயற்கை இரையை நின்று ஆராய்வதற்கான வாய்ப்பும் குறைகிறது. படகை நிறுத்தச் சிரமமான கரையே பெரும்பாலும் மீனுள்ள கரை.

நீர்மட்டம் இறங்குவதைக் கவனியாதிருத்தல்

டென்னசி ஆற்று அணைகளை நிர்வகிப்பது 1933-இல் தொடங்கப்பட்ட டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம். குளிர்கால மழையையும் வெள்ளத்தையும் தாங்க இடம் வேண்டும் என்பதற்காக, கோடைக்குப் பின் நீர்மட்டத்தைப் படிப்படியாகக் குறைப்பது அதன் வழக்கம். கென்டக்கி ஏரியில் கோடை மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 359 அடி, குளிர்கால மட்டம் 354 அடி; இந்த 5 அடி இறக்கம் ஜூலையில் தொடங்கி இலையுதிர்காலம் முழுவதும் நீள்கிறது. வடக்கு அலபாமாவிலுள்ள கண்டர்ஸ்வில் ஏரியில் வேறுபாடு ஏறக்குறைய 2 அடிதான். எண்கள் சிறியவையாகத் தோன்றலாம். ஆனால் 3 அடி நீரில் நின்ற ஒரு புதர், 2 அடி இறங்கியபின் பாஸுக்குப் பயன்படாத புதர்.

நீர் இறங்கும்போது பாஸ் கரையோரத்தை விட்டு, அருகிலுள்ள முதல் ஆழ விளிம்புக்குப் பின்வாங்கும். சென்ற வாரம் மீன் கிடைத்த கரைப்புதர்களை இந்த வாரமும் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருப்பது நேர விரயம். திரும்பி, கரைக்கு முதுகு காட்டி, நீர் ஆழம் கூடும் அந்த விளிம்பில் கிடக்கும் மரக்கட்டைக்கும் அடிமரத்துக்கும் வீச வேண்டும். அணையில் மின்னாக்கிகள் ஓடும் நேரத்தையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. நீரோட்டம் இருக்கும்போது ஷாட் கூட்டம் ஒழுங்குபட்டு நிற்கும், பாஸ் தடுப்புகளின் பின்னால் பதுங்கிக் காத்திருக்கும். ஓட்டம் நின்றதும் இரண்டும் கலைந்து அலையும். நீர்மட்டமும் நீர்வெளியேற்ற விவரமும் ஆணையமே வெளியிடுபவை. அவற்றைப் பாராமல் படகை இறக்குவதற்குக் காரணம் எதுவுமில்லை. கோடையில் பாதுகாப்பாகக் கடந்த பாதையில் இப்போது அடிமரங்கள் நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே மறைந்திருக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

எல்லாப் பழியையும் நீர்ப்புரட்சியின் மேல் போடுதல்

கோடையில் ஆழமான ஏரிகளில் வெப்பமான இலேசான நீர் மேலும், குளிர்ந்த அடர்த்தியான நீர் கீழும் அடுக்காக நிற்கும். இரண்டுக்கும் இடையே வெப்பநிலை சடாரென்று குறையும் ஒரு மெல்லிய இடையடுக்கு உண்டு. அதற்குக் கீழே ஆக்சிஜன் பெரும்பாலும் தீர்ந்துபோயிருக்கும், ஆகவே அங்கே மீன் தேடுவதில் பயனில்லை. மேல்நீர் குளிர்ந்து கனக்கும்போது அடுக்குகள் உடைந்து கலக்கின்றன; நீர்ப்புரட்சி என்பது இதுதான். அப்போது நீர் கலங்கி, அடிச்சேற்றின் அழுகல் நாற்றம் மேலே வரும். சில நாட்கள் மீன் மந்தமாகும். இது உண்மை. ஆனால் செப்டம்பர் முதல் வாரத்தில் மீன் கடிக்காததற்கெல்லாம் இதைக் காரணம் சொல்வது உண்மையாகாது. முழுக் கலப்பு பெரும்பாலும் பிந்திய இலையுதிர்காலத்தில், மேல்நீர் ஃபாரன்ஹீட்டில் 50களுக்கும் 60களின் தொடக்கத்துக்கும் இறங்கியபின் நிகழ்வது. மேலும், கென்டக்கி ஏரியும் கண்டர்ஸ்வில்லும் ஆற்றின் முக்கியப் போக்கிலேயே இருப்பதால், ஓட்டம் நீரைக் கலக்கிக்கொண்டே இருக்கிறது. நாரிஸ் போன்ற ஆழமான துணையாற்று நீர்த்தேக்கத்தில் காணும் திடமான அடுக்கு அங்கே அமைவதில்லை. ஓர் ஏரி எவ்வகையைச் சேர்ந்தது என்று அறியாமலே அங்கே நீர் புரண்டுவிட்டது என்று சொல்லிவிடுகிறார்கள்.

உண்மையாகவே கலப்பு நிகழும் ஏரியில் மாட்டிக்கொண்டால், ஓடையின் மேற்பகுதிக்கோ ஆழமற்ற களைத்திட்டுக்கோ போய்விடலாம். அடுக்கே இல்லாத இடத்தில் புரள்வதற்கும் எதுவும் இல்லை. குளிர்ந்த நீர் அதிக ஆக்சிஜனைத் தாங்கும் என்பதும் சாதகமே: 25 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் தாங்கும் நன்னீர், 10 டிகிரியில் 11 மில்லிகிராமுக்கு மேல் தாங்கும்.

செயற்கை இரையில் செய்யும் பிழைகள்

வசந்தத்தில் பிறந்த ஷாட் குஞ்சுகள் இப்போது பெரும்பாலும் 2 முதல் 3 அங்குல நீளம்தான். கண்முன்னே ஆயிரக்கணக்கில் அந்த அளவு இரை நீந்தும்போது, கோடையில் பயன்படுத்திய 10 அங்குலப் பிளாஸ்டிக் புழுவையும், ஆழத்தில் செல்லும் பெரிய கிராங்க்பெயிட்டையும் (இழுக்கும்போது நீந்தும் மீன்வடிவ இரை; அதன் முன்பக்கத் தகட்டை உதடு என்பார்கள்) விடாப்பிடியாக வீசுவது பொருந்தாது. சுழலும் தகடு கொண்ட சிறிய ஸ்பின்னர்பெயிட், சதுர உதட்டுக் கிராங்க்பெயிட், உதடில்லாத கிராங்க்பெயிட், மீனைப்போல் வாலாட்டும் சிறு ஸ்விம்பெயிட் ஆகியவற்றை வெள்ளை அல்லது வெள்ளி நிறத்தில் வைத்திருந்தால் இந்தப் பருவத்தின் பெரும்பகுதியைச் சமாளித்துவிடலாம். ஆனால் அளவும் நிறமும் சரியாக இருந்தும், ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டே வந்தால் அது கூட்டத்தில் இன்னொரு ஷாட், அவ்வளவுதான். சதுர உதட்டுக் கிராங்க்பெயிட்டின் பயனே அது அடிமரத்தில் மோதி விலகும் அந்தக் கணத்தில்தான் இருக்கிறது. மரத்தில் சிக்கிவிடும் என்று அஞ்சி, மரத்தை விட்டு இரண்டடி தள்ளி இழுப்பவர்கள் அந்தக் கடியை இழக்கிறார்கள்.

பாஸ் கூட்டம் மேலெழுந்து ஷாட்டை அடிக்கும் காட்சியைக் கண்டதும் இயந்திரத்தை முடுக்கி அதன் நடுவே பாய்வது மிகப் பரவலான தவறு. படகு வந்து சேர்வதற்குள் கூட்டம் கீழே போய்விடும். மின்மோட்டாரைக் குறைந்த வேகத்தில் ஓட்டி, எட்டும் தூரத்தில் நின்று, கொந்தளிப்புக்கு அப்பால் வீசி அதன் வழியாக இழுக்க வேண்டும். மேலே அடங்கியபின்னும் சில நிமிடங்கள் அங்கேயே ஒரு சிறு உலோக ஸ்பூனையோ, கனத்த தலையுள்ள தூண்டிலான ஜிக்கையோ மூழ்கவிட்டுப் பார்ப்பது நல்லது, ஏனெனில் காயப்பட்டு அமிழும் ஷாட்டுகளுக்காகப் பெரிய மீன்கள் பெரும்பாலும் அடியில் காத்திருக்கும்.

கண்டர்ஸ்வில்லில் கதை சற்று வேறு. அங்கே ஹைட்ரில்லா, மில்ஃபாயில் ஆகிய நீர்க்களைகள் நீர்ப்பரப்பில் பாய் விரித்தாற்போல் படர்ந்துவிடும். அந்த ஹைட்ரில்லா நம் பக்கத்துக் குளங்களிலும் வளரும் வேலம்பாசிதான். 1950களில் மீன்தொட்டி வணிகத்துக்காக இலங்கையிலிருந்து புளோரிடாவுக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து பரவியது. இந்தப் படர்ந்த களைமேல் ரப்பர் தவளையை இழுப்பது இங்கே புகழ்பெற்ற முறை. எல்லாத் திட்டுகளும் ஒன்றுபோலத் தோன்றுவதால் கண்ட இடத்தில் வீசிக்கொண்டு போவது தவறு. படகை நிறுத்திக் காது கொடுத்தால், சில திட்டுகளுக்கடியில் சிறு புளூகில் மீன்கள் பூச்சிகளை உறிஞ்சும் டப்டப்பென்ற ஓசை கேட்கும். ஓசையில்லாத திட்டைக் கடந்துவிடலாம். பழுத்துப் பழுப்பாகி அழுகும் களையை விட்டு, விளிம்பில் ஆழமும் அடியில் பசுமையும் உள்ளதைத் தேர்வது பயன்தரும். மீன் களையைப் பிளந்துகொண்டு தவளையை அடித்ததும் பதறி உடனே கோலைச் சுண்டினால், தவளை மட்டும் முகத்தை நோக்கித் திரும்பி வரும். மீனின் கனம் தூண்டில் நரம்பில் தெரிந்தபின் சுண்ட வேண்டும். இதற்கு 50 பவுண்டுக்குக் குறையாத பின்னல் நரம்பு தேவை.

குளிர்காற்றைக் கொண்டுவரும் முதல் குளிர்முகப்பு கடந்துபோனபின் வானம் துடைத்துவிட்டதுபோல் நீலமாகி, காற்றும் அடங்கும் நாள் ஒன்று வரும். முந்தைய நாள் வேகமாக இழுத்துப் பிடித்தவர்கள் மறுநாளும் அதே வேகத்தில் இழுத்து ஏமாறுவார்கள். மீன் ஓடையை விட்டுப் போயிராது. அருகிலுள்ள மரத்தையோ படகுத்துறைத் தூணையோ ஒட்டி ஒடுங்கியிருக்கும். ஜிக்கையோ சிறு புழுவையோ அந்த நிழலுக்குள் இறக்கிப் பொறுமையாக இருந்தால் போதும்.

பிடித்து விடுவிப்பவர்கள் இந்தப் பருவத்தில் காட்டும் அலட்சியம் ஒன்று எஞ்சியிருக்கிறது. காற்று இதமாக இருப்பதால், படகின் மீன்தொட்டிக்குள் இருக்கும் நீர் இன்னும் கோடை நீர்தான் என்பது மறந்துபோகிறது. செப்டம்பரில் தொட்டியின் பம்பை இடைவிடாமல் ஓடவிட வேண்டும். ஏரி நீரைவிடச் சில டிகிரி மட்டும் குறையுமாறு பனிக்கட்டி சேர்க்கலாம், அதற்கு மேல் குளிரவைப்பதும் மீனுக்கு அதிர்ச்சியே. எடை கூடிய மீனைக் கீழுதட்டில் மட்டும் பிடித்துப் படுக்கைவாட்டில் சாய்த்தால் தாடை மூட்டு அதன் எடை முழுவதையும் தாங்க நேரும். மற்றொரு கையை வயிற்றுக்கடியில் கொடுத்துத் தாங்கி, புகைப்படம் எடுப்பவர் தயாரானபின்பே மீனை நீரிலிருந்து தூக்க வேண்டும்.