பழைய படகு இன்ஜினில் சார்ஜ் ஏறவில்லையா? ஆல்டர்னேட்டரைக் கழற்றும் முன் இவற்றைப் பாருங்கள்

பேட்டரி அடிக்கடி இறங்கிவிடுகிறது என்றால் முதல் பழி, இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் மேல்தான் விழும். நானும் ஒருமுறை அப்படி முடிவு செய்து, பழையதைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று மாட்டினேன். அப்போதும் சார்ஜ் ஏறவில்லை. இரண்டு நாள் தேடிய பிறகுதான், பேனலில் இருந்த சின்ன எச்சரிக்கை விளக்கின் பல்பு பீஸ் போயிருந்தது தெரிந்தது. படகில் இந்தக் கோளாறு பெரும்பாலும் ஆல்டர்னேட்டருக்கு வெளியேதான் இருக்கும்: பெல்ட், வயர், இணைப்பு, பல்பு. அதனால் அளந்து பார்க்காமல் எதையும் கழற்றாதீர்கள்.

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். கீழே உள்ள அளவுகள் 12 வோல்ட் படகுக்கு. உங்களுடையது 24 வோல்ட் என்றால் பேட்டரி, சார்ஜ் அளவுகளை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன் மூன்று விஷயங்கள். படகை நன்றாகக் கட்டி, கியரை நியூட்ரலில் வையுங்கள். ஓடும் பெல்ட்டின் பக்கம் தளர்ந்த சட்டைக் கையோ மீட்டர் வயரோ போகக் கூடாது. இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஸ்விட்சை அணைக்கவே கூடாது. அந்த நொடியில் எகிறும் மின்னழுத்தம் ஆல்டர்னேட்டருக்குள் மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடுகளைக் கொன்றுவிடும்.

1. இன்ஜின் ஓடாதபோது பேட்டரி

சில மணி நேரம் சும்மா இருந்த பேட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரை வையுங்கள். 12.6, 12.7 காட்டினால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. வெளிச் சார்ஜரில் முழுதாக ஏற்றி, எல்லா இணைப்பையும் கழற்றி வைத்த பேட்டரி மறுநாள் காலையில் தானாகவே இறங்கியிருந்தால், பேட்டரிதான் போய்விட்டது. ஆல்டர்னேட்டரை விட்டுவிடலாம்.

2. பெல்ட்

நீளமான பக்கத்தின் நடுவில் கட்டை விரலால் அழுத்துங்கள். ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் அமுங்கினால் சரி. பெல்ட்டின் பக்கவாட்டு கண்ணாடிபோல் மினுமினுத்தாலோ, புல்லியைச் சுற்றிக் கறுப்புத் தூள் படிந்திருந்தாலோ அது வழுக்குகிறது என்று அர்த்தம்.

3. எச்சரிக்கை விளக்கு

பழைய இன்ஜின்களில் இதுதான் பலருக்கும் புரியாத இடம். இது தகவல் சொல்ல மட்டும் இருக்கும் விளக்கு இல்லை. சாவியைத் திருப்பியதும் பேட்டரியிலிருந்து வரும் சிறு மின்சாரம், இந்தப் பல்பு வழியாகத்தான் ஆல்டர்னேட்டரின் சுழலும் சுருளுக்குப் போய் அதைக் காந்தமாக்குகிறது. காந்தம் உண்டானால்தான் மின் உற்பத்தி தொடங்கும். தொடங்கியதும் பல்பின் இரு பக்கமும் மின்னழுத்தம் சமமாகிவிடும். அதனால்தான் விளக்கு அணைகிறது. பல்பு போனால் அந்த முதல் மின்சாரமே போகாது. சில ஆல்டர்னேட்டர்கள் இரும்பில் மிச்சமிருக்கும் காந்தத்தால், இன்ஜினை ஒருமுறை வேகமாக முடுக்கியதும் விழித்துக்கொள்ளும். 'முடுக்கினால்தான் சார்ஜ் ஏறுது' என்று யாராவது சொன்னால் நான் முதலில் இந்தப் பல்பைத்தான் பார்ப்பேன்.

இன்ஜினை அணைத்துவிட்டு, சாவியை மட்டும் திருப்புங்கள். விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை என்றால், ஆல்டர்னேட்டரில் 'டி பிளஸ்' (D+) என்று குறித்த முனையிலிருந்து அந்த மெல்லிய வயரைக் கழற்றி, இன்ஜினின் சுத்தமான உலோகத்தில் தொடுங்கள். இப்போது எரிந்தால் பல்பும் வயரும் நலம். சுழலும் சுருளுக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், அல்லது மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போயிருக்கலாம். அப்போதும் எரியவில்லையா? பல்பு, அல்லது அதற்குப் போகும் வயர். பேட்டரிக்குப் போகும் தடித்த 'பி பிளஸ்' (B+) வயரை மட்டும் தப்பித்தவறியும் இப்படித் தொட்டுவிடாதீர்கள். அதில் பேட்டரியின் முழு மின்சாரமும் எப்போதும் இருக்கும்.

பல்பை மாற்றும்போது அதே வாட் உள்ள பழைய வகைப் பல்பையே போடுங்கள். எல்.இ.டி. போட்டால் தேவையான மின்சாரம் போகாது.

4. இன்ஜின் ஓடும்போது

இன்ஜினை நிமிடத்துக்கு ஏறத்தாழ 1500 சுற்றில் வைத்து பேட்டரியை அளந்து பாருங்கள். 13.8 முதல் 14.4 வரை இருந்தால் சார்ஜ் ஏறுகிறது. பேட்டரி மிகவும் இறங்கியிருந்தால் முதலில் குறைவாகக் காட்டி மெல்ல ஏறும், கால் மணி நேரம் பொறுங்கள். 12.5-இல் நின்றோ இறங்கிக்கொண்டோ இருந்தால் சார்ஜ் வரவில்லை. 15-ஐத் தாண்டினால் உடனே நிறுத்துங்கள். ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது, பேட்டரி கொதித்துப் போகும்.

5. வழியில் எவ்வளவு தொலைகிறது

பேட்டரியில் குறைவாகக் காட்டினால் அடுத்து 'பி பிளஸ்' முனைக்கும் ஆல்டர்னேட்டரின் உடலுக்கும் இடையே அளந்து பாருங்கள். அங்கே 14.2, பேட்டரியில் 13.1 என்றால் ஆல்டர்னேட்டர் நன்றாகவே வேலை செய்கிறது. அந்த 1.1 வோல்ட் வழியில் எங்கோ சூடாகக் கரைகிறது.

எங்கே என்று பிடிக்க, இன்ஜின் ஓடும்போதே விளக்குகளையும் பம்பையும் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையை 'பி பிளஸ்' மேலும் மறு முனையை பேட்டரியின் பிளஸ் ஈயக் கட்டை மேலும் வையுங்கள். 0.3-க்குள் இருந்தால் பரவாயில்லை. இரண்டு பேட்டரிக்கு நடுவே டயோடு பிரிப்பான் இருந்தால் அதுவே 0.7 வரை எடுத்துக்கொள்ளும். அப்புறம் இதையே ஆல்டர்னேட்டர் உடலுக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே செய்யுங்கள். பலரும் மைனஸ் பக்கத்தை மறந்துவிடுகிறார்கள்.

அளவு கூடுதலாக இருந்தால் முதலில் இன்ஜினை நிறுத்தி, பிறகு பேட்டரி ஸ்விட்சை அணைத்து, இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். வெளியே பளபளப்பாக இருக்கும் முனையிலும் வயரின் உறையைக் கொஞ்சம் சீவிப் பாருங்கள். செம்பு கறுத்து, இழைகளுக்கு நடுவே பச்சைக் களிம்பு பொடிப்பொடியாக உதிரும். உப்புக் காற்று உள்ளே போய்விட்ட வயர் அது. தேய்த்துப் பயனில்லை, நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, புது முனை அழுத்திப் போடுங்கள், அல்லது வயரையே மாற்றுங்கள்.

6. டயோடு

இன்ஜின் ஓடும்போது எச்சரிக்கை விளக்கு மங்கலாக எரிந்துகொண்டே இருந்தால் டயோடு மேல் சந்தேகப்படலாம். மீட்டரை ஏ.சி. வோல்ட்டுக்கு மாற்றி பேட்டரியில் அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வந்தால் சந்தேகம் வலுக்கிறது. இரவு முழுக்க ஓடாத இன்ஜினில், காலையில் ஆல்டர்னேட்டரைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறதா? டயோடு வழியாக பேட்டரி கசிகிறது.

இத்தனையும் பார்த்த பிறகு குற்றம் ஆல்டர்னேட்டரில்தான் என்றால் கழற்றிக் கொண்டுபோய்ச் சோதிக்கக் கொடுங்கள். பிரஷ், ரெகுலேட்டர், டயோடு எல்லாம் தனித்தனியே மாற்றக்கூடியவையே. புதிதாக வாங்குவதானால் ஒன்று கவனியுங்கள்: பெட்ரோல் இன்ஜின் படகில் கார் ஆல்டர்னேட்டரைப் போடக் கூடாது. அதன் பிரஷில் பறக்கும் பொறி, அடித்தளத்தில் தேங்கும் பெட்ரோல் ஆவியைப் பற்றவைத்துவிடும். பொறி வெளியே வராதபடி படகுக்கென்றே செய்ததைக் கேட்டு வாங்குங்கள்.