ஆர்.சி. புதுப்பிக்கப் போகும் மாற்றியமைத்த பைக்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொந்த உபயோகத்துக்கான இருசக்கர வண்டியின் பதிவுச் சான்றுக்கு (ஆர்.சி.) ஆயுள் 15 வருடம். அதற்கு அப்புறம் ஓட்ட வேண்டுமென்றால் படிவம் 25-இல் விண்ணப்பித்து, பணம் கட்டி, வண்டியை ஆர்டிஓ ஆபீசுக்குக் கொண்டுபோய் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் காட்ட வேண்டும். ஊரில் எல்லோரும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று சொல்வது இவரைத்தான். கை படாத டிவிஎஸ் 50-யைக் கொண்டுபோகிறவருக்குப் பெரிய கவலை இருக்காது. ஆர்எக்ஸ் 135-இன் பெரிய சிலிண்டர் பிளாக்கை ஏற்றிய யமஹா ஆர்எக்ஸ் 100, வால் வெட்டி கஃபே ரேசர் ஆக்கிய புல்லட் வைத்திருப்பவர்களுக்குத்தான் அன்று காலை வயிறு கலங்கும்.

இவர்கள் பொதுவாகச் செய்வது என்னவென்றால், ஃபுல் சர்வீஸ் பண்ணி, பாலிஷ் போட்டு, 'வண்டி புதுசு மாதிரி இருக்கு, பாஸ் ஆகிடும்' என்று கிளம்பிவிடுவது. வண்டி நன்றாக ஓடுகிறதா என்பது ஆய்வில் பாதிதான். மீதிப் பாதி, எதிரே நிற்பது ஆர்.சி.யில் எழுதியிருக்கிற அதே வண்டிதானா என்பது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின் சாரமும் இதுதான்: தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களோடு பொருந்தாதபடி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் ஆர்.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். நிறம், சிசி, வீல்பேஸ் (இரண்டு சக்கரங்களுக்கும் இடையிலுள்ள தூரம்), இருக்கை எண்ணிக்கை, என்ஜின் நம்பர், சேஸ் நம்பர் என்று எது ஒத்துப்போகவில்லையோ அங்கேதான் வேலை இருக்கிறது.

சேஸ் நம்பரில் நடக்கும் கோளாறுதான் எல்லாவற்றிலும் மோசமானது; பெரும்பாலும் தெரியாமல் நடப்பதும் அதுதான். ஃபிரேமை பவுடர் கோட்டிங் கொடுக்கிறோம். கடைக்காரர் சாண்ட் பிளாஸ்ட் அடித்து, கெட்டியாகக் கோட் போட்டு, பளபளவென்று திருப்பித் தருவார். பஞ்ச் அடித்த எழுத்துகள் அந்தக் கோட்டுக்கு அடியில் போய்விடும். ஆய்வன்று காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் பிரிண்ட் விழாது. கோட்டிங் கொடுப்பதற்கு முன்பே அந்த இடத்தில் சூடு தாங்கும் டேப் ஒட்டச் சொல்ல வேண்டும். இனிமேல்தான் ஞாபகம் வந்தது என்றால், பெயிண்ட் ரிமூவர் போட்டு மெதுவாகத் துடைத்து எடுக்கலாம். கிரைண்டர் மட்டும் அந்தப் பக்கமே போகக் கூடாது. எழுத்து மங்கிவிட்டது என்று லேத் பட்டறையில் பஞ்ச் வாங்கி நீங்களே மறுபடி அடித்துவிடாதீர்கள். நம்பரைத் திருத்திய வண்டி திருட்டு வண்டியைப் போலத்தான் பார்க்கப்படும். உங்கள் தாத்தா வாங்கிய வண்டி என்று சொன்னாலும் அங்கே எடுபடாது. துருப்பிடித்து நம்பர் உண்மையிலேயே அழிந்திருந்தால், முதலில் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். மறுபடி பஞ்ச் அடிப்பது அதற்குப் பிறகு.

என்ஜின் விஷயத்தில் ஒரு தப்புக் கணக்கு உண்டு. நம்பர் இருப்பது கிராங்க்கேஸில். பிளாக்கை மட்டும் மாற்றினால் யாருக்குத் தெரியும் என்பார்கள். நம்பர் மாறாதுதான். ஆனால் ஆர்.சி.யில் 98 சிசி என்று இருக்க, உள்ளே ஓடுவது 132. ஆய்வில் தப்பினாலும், விபத்து நடந்து காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் வண்டியைப் பிரித்துப் பார்க்கும் நாளில் அந்த வித்தியாசம் உங்கள் தலையில்தான் விழும். முழு என்ஜினையும் மாற்றியிருந்தால் நம்பரே வேறு. அதே கம்பெனி, அதே வகை என்ஜின் என்றால் பில்லோடு விண்ணப்பித்து ஆர்.சி.யில் ஏற்ற வழி இருக்கிறது. அந்த வேலையை ஆய்வுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். பில் இல்லாத என்ஜினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அடுத்தது சைலன்சர். இந்தோரி, பஞ்சாபி, ஷார்ட் பாட்டில் என்று வெளியில் வாங்கி மாட்டிய சைலன்சர் எதுவாக இருந்தாலும் கழற்ற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தவறு எங்கே என்றால், கழற்றும் நேரத்தில். முந்தின நாள் ராத்திரி நண்பனின் வண்டியிலிருந்து கம்பெனி சைலன்சரை இரவல் வாங்கி மாட்டுகிறார்கள். திறந்த சைலன்சருக்கும் ஏர் பாக்ஸுக்குப் பதில் மாட்டிய கோன் ஃபில்டருக்கும் ஏற்றபடி கார்புரேட்டரில் பெரிய ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளை) போட்டிருப்பார்கள். அது அப்படியே இருக்கும். கம்பெனி சைலன்சரும் ஏர் பாக்ஸும் திரும்ப வந்ததும் காற்று குறைகிறது, பெட்ரோல் குறைவதில்லை. புகைப் பரிசோதனையில் கார்பன் மோனாக்சைடு எகிறிவிடும். 2000 மார்ச் 31 வரை தயாரான இருசக்கர வண்டிகளுக்கு ஐட்லிங்கில் 4.5 சதவீதம் வரை விட்டிருக்கிறார்கள். அதற்குப் பின் வந்த, பிஎஸ் 4 என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தரத்துக்கு முந்தைய வண்டிகளுக்கு 3.5. முதல் வரம்பு தாராளமானது. அதில் ஒரு ஆர்எக்ஸ் தோற்கிறது என்றால் பழி வண்டியின் வயசு மேல் இல்லை, ஜெட்டின் மேல்தான். ஒரு வாரம் முன்பே சைலன்சர், ஏர் பாக்ஸ், ஜெட் மூன்றையும் சேர்த்தே பழையபடி ஆக்கி, நாலு நாள் ஓட்டிப் பார்த்து, அப்புறம் புகைச் சான்று எடுங்கள். கேஸ்கெட்டில் கசிவு இருந்தால் அதுவும் அந்த நாலு நாளில் தெரிந்துவிடும். கம்பெனி சைலன்சரை விற்றுத் தொலைத்தவர்கள் சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடலாம். உள்ளே துரு தின்றிருக்கிறதா என்று தட்டிப் பார்த்து வாங்குங்கள்.

கஃபே ரேசர், பாபர் (bobber) என்று வால் குறுகிய பைக் கட்டுகிறவர்கள் வாலைச் சுருக்குவதில் கவனமாக இருப்பதில்லை. பின் ஃபிரேமை வெட்டி வெல்டிங் வைப்பது ஒன்று. அதோடு சேர்ந்து பின்னால் உட்காருபவருக்கான ஃபுட்ரெஸ்ட், கைப்பிடி, பின் சக்கரத்தை மறைக்கும் சாரி கார்டு எல்லாம் போய்விடும். இவை மூன்றும் அலங்காரச் சாமான்கள் அல்ல. மத்திய மோட்டார் வாகன விதி 123 கேட்பவை. சாரி கார்டு பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்க வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. போல்ட்டில் மாட்டுவதைக் கழற்றினால் திரும்ப மாட்டலாம். வெட்டிய ஃபிரேமை ஒட்டவைத்து யாரும் நம்பப் போவதில்லை. என்னைக் கேட்டால், ஆர்.சி. முடிய மூன்று வருடத்துக்குள் இருக்கும் வண்டியில் கட்டிங் வேலையே வேண்டாம்.

பின் மட்கார்டு போனதும் நம்பர் பிளேட் சீட்டுக்கு அடியில் படுத்துக்கொள்கிறது. பிளேட் நிமிர்ந்து நிற்க வேண்டும், ராத்திரியில் படிக்க வெள்ளை விளக்கு வேண்டும். பின்பக்கம் எழுத்து 35 மில்லிமீட்டர், எண் 40 மில்லிமீட்டர் உயரம். வளைத்து நெளித்து எழுதிய எழுத்து, தலைவர் படம், சாதிப் பெயர் எதுவும் கூடாது. 150 ரூபாய் வேலை இது. இதற்காக இன்னொரு நாள் அலைகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

இண்டிகேட்டரை எல்இடி ஆக்கியவர்கள் அதை மின்ன வைக்கும் பழைய ஃபிளாஷரை மாற்ற மறந்துவிடுகிறார்கள். சுமை குறைவதால் அது படபடவென்று அடிக்கும். நிமிஷத்துக்கு 60 முதல் 120 தடவைக்குள் மின்ன வேண்டும். எல்இடி ஃபிளாஷர் போட்டால் முடிந்தது. முன்னால் மாட்டிய ஃபாக் லைட்டைக் கழற்றிவிடுங்கள், சுவிட்சை அணைத்து வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். ஏர் ஹார்ன், பல குரல் ஹார்ன் கூடாது. கண்ணாடியும் வேலை செய்யும் ஸ்பீடோமீட்டரும் வேண்டும். டயர் பட்டனின் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அகலமான டயர் போட்டிருந்தால் செயினிலோ மட்கார்டிலோ உரசுகிறதா என்றும் பாருங்கள்.

நிறத்தில் ஒரு பொறி இருக்கிறது. கறுப்பு வண்டியைச் சிவப்பாக்கினால் ஆர்.சி.யில் நிறத்தைத் திருத்திக்கொள்ளலாம். புல்லட்டுக்கு ராணுவ வண்டி தோற்றம் வேண்டும் என்று ஆலிவ் பச்சை அடித்தால் திருத்தவும் வழியில்லை. மத்திய மோட்டார் வாகன விதி 121-இன்படி அந்த நிறம் பாதுகாப்புத் துறைக்கு மட்டும்.

காகித வேலையைக் கடைசிக்குத் தள்ளுவதும் தவறுதான். சான்று முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 2022 ஏப்ரலில் கட்டணம் 300 ரூபாயிலிருந்து 1,000 ஆனது. அதற்குப் பிறகும் மாறியிருக்கிறது, அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்த்துக் கட்டுங்கள். பசுமை வரி தனி, தாமதமானால் மாதக் கணக்கில் அபராதமும் உண்டு. சான்று காலாவதியான வண்டியை ஆய்வுக்கு ஓட்டிக்கொண்டு போய் வழியில் போலீசிடம் மாட்டுவதை விட, ஒரு குட்டியானை சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது மலிவு.

பாஸ் ஆனதும் சாயங்காலமே ஷார்ட் பாட்டிலைத் திரும்ப மாட்டுகிறவர்கள் உண்டு. ஆய்வு முடிந்தாலும் சட்டம் முடிவதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4) பிரிவின்படி அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மாற்றம் ஒவ்வொன்றுக்கும் என்பதைக் கவனியுங்கள். சைலன்சர், ஹேண்டில் பார், வெட்டிய வால் என்று மூன்று இருந்தால் 15,000.