ஆபரேஷனுக்கு அப்புறம் வயசானவங்களுக்கு ஹார்ட் அட்டாக்: நாம பண்ணக்கூடாத தப்புகள்

போன வாரம் புதுசா சேர்ந்த டியூட்டி டாக்டர் ஒருத்தர் கேஸ் ஷீட்ல "வாய் வழியா எதுவும் கூடாது"ன்னு எழுதிட்டு, கீழ இருந்த மாத்திரை லிஸ்ட் மொத்தத்துக்கும் குறுக்க ஒரு கோடு போட்டார். நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப போட்ட அதே கோடு. ஈசிஜி எடுக்கணும், பிபி பாக்கணும்ங்கறதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அத விட்டுடறேன்.

பட்டினின்னா மாத்திரையும் நிறுத்திடறது

இடுப்பெலும்பு உடைஞ்சு வந்த ஒரு பெரியவர், எழுபத தாண்டினவர், பல வருஷமா மெட்டோப்ரோலால் (பல்ஸ கொறைக்கிற பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை) போடுறவர். ஆபரேஷன் ஒரு நாள் தள்ளிப்போச்சு, பட்டினி ரெண்டு நாளாச்சு, முடிஞ்சப்புறமும் மாத்திரைய திரும்ப எழுத யாருக்கும் தோணல. அவர் சம்சாரம் ஸ்ட்ரிப்ப கையில வெச்சுகிட்டு "தம்பி, காலைல போடுற மாத்திரைய குடுக்கலாமா"ன்னு கேட்டாங்க, நான் "அப்புறம் பாத்துக்கலாம்மா"ன்னு சொல்லிட்டு போயிட்டேன். மூணாவது நாள் பல்ஸ் 118. வலின்னு நெனச்சு ஊசி போட்டேன். அவரோ "வலி இல்லப்பா, படபடன்னு அடிச்சுக்குது"ன்னு தெளிவாதான் சொன்னார். ஈசிஜில எஸ்டிங்கற பகுதி இறங்கியிருந்துச்சு, இருதயத் தசை அடிபட்டா ரத்தத்துல கூடுற ட்ரோபோனின் ஏறியிருந்துச்சு, அதாவது ஹார்ட் அட்டாக். ஐசியூவுக்கு மாத்தினப்ப அந்த ஸ்ட்ரிப் தலகாணி பக்கத்துல கெடந்துச்சு, மூணு நாள் மாத்திரை அப்படியே உள்ள இருந்துச்சு.

இருதயத்தோட சொந்த ரத்தக்குழாய்க்கு ரத்தம் பெரும்பாலும் துடிப்புக்கு நடுவுல கெடைக்கிற இடைவெளிலதான் போகும். பல்ஸ் ஏறினா அந்த இடைவெளி சுருங்கும், தேவையோ கூடும், ஏற்கனவே அடைப்பு இருக்க குழாய் எப்படி தாங்கும்? ஆபரேஷன் ஆன உடம்புல ஸ்ட்ரெஸ் ஹார்மோன் வேற ஏறி நிக்கும், ரத்தம் சீக்கிரமா உறையும், அந்த நேரத்துலதான் நாம பிரேக்க புடுங்கி விடறோம். ரெகுலரா போடுற பீட்டா பிளாக்கர், ஸ்டாட்டின் (கொலஸ்ட்ரால் மாத்திரை) ரெண்டையும் ஆபரேஷன் அன்னிக்கு காலைலயும் ஒரு மடக்கு தண்ணியோட குடுக்கலாம், பல்ஸோ பிபியோ ரொம்ப கம்மியா இருந்தா மட்டும் மயக்க டாக்டர கேளுங்க. சில பிபி மாத்திரை, சுகர் மாத்திரைய நிறுத்த வேண்டியிருக்கும், அதனாலதான் ஒவ்வொரு மாத்திரைக்கும் தனித்தனியா எழுதணும்ங்கறேன், ஒரே கோடு கூடாது.

இத படிச்சிட்டு எதுவும் போடாதவங்களுக்கு அன்னிக்கு காலைல புதுசா பீட்டா பிளாக்கர் ஆரம்பிச்சிடாதீங்க. 2008ல வந்த பாய்ஸ் (POISE)ங்கற பெரிய ஆய்வுல அப்படி பண்ணப்ப ஹார்ட் அட்டாக் கொறஞ்சுது, ஆனா பக்கவாதமும் சாவும் கூடுச்சு.

நெஞ்சு வலி வரட்டும்னு காத்திருக்கறது

வராது. வலி ஊசியும் மயக்கமும் மறைச்சிடும். அதே பாய்ஸ் ஆய்வுல அட்டாக் வந்தவங்கள்ல சுமார் மூணுல ரெண்டு பேருக்கு அறிகுறியே இல்ல, பெரும்பாலானவங்களுக்கு முதல் 48 மணி நேரத்துலயே வந்துடுச்சு. ரிஸ்க் இருக்கவங்களுக்கு முதல் ரெண்டு நாளும் ட்ரோபோனின் அனுப்புங்க. திடீர் மூச்சு வாங்கல், வாந்தி, புதுக் குழப்பம், இதையெல்லாம் "வயசாயிடுச்சு"ன்னு தள்ளாதீங்க.

வேகமான பல்ஸுக்கு காரணம் தேடாம விடறது

டிரெயின் பாட்டில்ல எவ்வளவு ரத்தம், ஹீமோகுளோபின் எவ்வளவு, ஆக்சிஜன் எவ்வளவு, காய்ச்சல் இருக்கா, யூரின் போகுதா. இதெல்லாம் பாத்துட்டு அப்புறம் ஊசி எடுங்க. ரத்தம் கொறஞ்சு பல்ஸ் ஏறினவருக்கு பல்ஸ கொறைக்க மருந்து குடுத்தா பிபி படுத்துடும்.

நடுங்க விடறது

போர்த்துங்க. நடுக்கம் ஆக்சிஜன் தேவைய ஏத்தும்.

ஸ்டென்ட்

இருதய ரத்தக்குழாய் அடைக்காம இருக்க உள்ள வெக்கிற சின்ன வலைக்குழாய் இது. எப்ப வெச்சது, ரத்தம் உறையாம இருக்க எந்த மாத்திரை ஓடுது, யார் நிறுத்தச் சொன்னது. மூணையும் ஷீட்ல எழுதிட்டு ஹார்ட் டாக்டருக்கு போன் பண்ணுங்க.