புது சாப்ட்வேரா? சந்தேகத்தைச் சீட்டில் சேர்த்து வையுங்கள்

அலுவலகத்தில் புது பில்லிங் சாப்ட்வேர் வந்திருந்தால், சந்தேகம் வரும்போதெல்லாம் பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிடாதீர்கள். ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம் தர முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் மொத்தமாகக் கேட்டுவிடுங்கள். "வேலை செய்யவில்லை" என்று மொட்டையாக எழுதினால் பிரயோஜனம் இல்லை. "சேவ் கொடுத்தால் ஹெச்எஸ்என் (வரிக்காகப் பொருளை வகைப்படுத்தும் எண்) கட்டம் சிவப்பாகிறது" என்கிற மாதிரி இருக்க வேண்டும்.

கணக்குச் சரிபார்த்துக்கொண்டிருப்பவரை நடுவில் நிறுத்தினால் அவர் மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டும். பாதி முகச்சுளிப்பு அதனால்தான் வருகிறது, நம் மேல் உள்ள வெறுப்பால் அல்ல. தவிர, இப்படி விவரமாக எழுதும்போதே சில சந்தேகங்கள் தானாகத் தீர்ந்துவிடும். அப்புறம், அவர் சொல்லித் தரும்போது மவுஸ் உங்கள் கையில் இருக்கட்டும். வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தது மறுநாள் எனக்கு நினைவில் நின்றதே இல்லை.

வெளியே போகிற பில்லுக்கு மட்டும் இந்த முறை ஆகாது. ஜிஎஸ்டிக்கான இ-இன்வாய்ஸ் போர்ட்டலில் பதிவான பில்லை அங்கே 24 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்ய முடியும். தாண்டினால் கிரெடிட் நோட்டு (பில் தொகையைக் கழித்துத் தரும் ஆவணம்) அது இதென்று இழுத்துக்கொண்டே போகும். அங்கே சீட்டெல்லாம் வேண்டாம், உடனே எழுந்து போய்க் கேட்டுவிடுங்கள். வங்கியில் பணம் அனுப்புவதும் அப்படித்தான்.