உருக்குலையாத பிரா தைப்பது எப்படி: அளவெடுப்பதிலிருந்து கடைசித் தையல் வரை

பிரா தளர்ந்து தொங்க ஆரம்பித்ததும் பலரும் முதலில் தோள் வாரைத்தான் இறுக்குவார்கள். தோளில் பள்ளம் விழும், தொங்கல் அப்படியே இருக்கும். பாரத்தில் பெரும்பகுதியைத் தாங்குவது வார் இல்லை. மார்புக்குக் கீழே உடம்பைச் சுற்றி ஓடும் பட்டை. அந்தப் பட்டையின் முன்பாதி இழுபடவே கூடாது. பின்பாதி இழுபட வேண்டும், விட்டதும் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். தைக்கும்போது வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் மாற்றிச் செய்வதால்தான் வருகின்றன.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டத்து ஊர்களில் சேலை பிளவுஸ், மலாய்ப் பெண்களின் பாஜு கூரோங் உடை, பள்ளிச் சீருடை என்று வீட்டிலிருந்தே தைக்கும் பெண்கள் நிறையப் பேர். கட்டோரி பிளவுஸ் (மார்புப் பகுதியைக் கிண்ண வடிவில் துண்டு சேர்த்துத் தைப்பது) தைக்கத் தெரிந்தவர்களுக்குக் கப் தைப்பது புதிய வேலை இல்லை. புதியது இரண்டுதான்: துணியின் இழுவை, கப்பின் அடியில் வளைந்து நிற்கும் கம்பியான வயர்.

வாங்க வேண்டியவை

ஒரு பிராவுக்கு: கப்புக்கும் முன்சட்டத்துக்கும் (கப்பைச் சுற்றித் தாங்கும் முன்பகுதி) இழுபடாத நைலான் டிரைகாட் அல்லது அதுபோல் இறுக்கமாகப் பின்னிய துணி அரை மீட்டர், அதே அளவு மெல்லிய லைனிங், பின்பட்டைக்குப் பவர் நெட் (இழுபட்டுத் திரும்பும் வலைத்துணி) 30 செமீ, கீழ்விளிம்புக்கு ஒரு பக்கம் வெல்வெட் மாதிரி மெத்தென்று இருக்கும் 12 மிமீ இலாஸ்டிக் 1 மீட்டர், அக்குளுக்கும் முதுகின் மேல்விளிம்புக்கும் 10 மிமீ இலாஸ்டிக் 1 மீட்டர், கப்பின் மேல்விளிம்புக்கு 6 மிமீ இலாஸ்டிக் அரை மீட்டர், வயர் நுழைக்கும் குழாய்ப்பட்டி 70 செமீ, 15 மிமீ வார் இலாஸ்டிக் 1 மீட்டர், அதே அகலத்தில் ரிங் 2, ஸ்லைடர் 2, மூன்று வரிசைக் கொக்கிப் பட்டி ஒரு ஜோடி, வயர் ஒரு ஜோடி, பாலியெஸ்டர் நூல். பருத்தி நூல் வேண்டாம், இழுக்கும் இடத்தில் அறுந்துவிடும்.

லைனிங், நூல், சாதாரண இலாஸ்டிக் எல்லாம் ஈப்போ லிட்டில் இந்தியா பக்கத்துத் துணிக்கடைகளில் தேடலாம். பவர் நெட்டும் குழாய்ப்பட்டியும் பெரும்பாலும் ஆன்லைனில்தான். ரிங், ஸ்லைடர், கொக்கிப் பட்டி, வயர் நான்கையும் பழைய பிராவிலிருந்து பிரித்துக்கொள்ளலாம். பழைய வயரை மேசைமேல் படுக்க வையுங்கள். ஒரு முனை தூக்கிக்கொண்டு ஆடினால் அது முறுக்கிக்கொண்ட வயர்; போட்டால் குத்தும். எறிந்துவிடுங்கள்.

ஊசி 75-ஆம் நம்பர் ஸ்ட்ரெட்ச் ஊசியாக இருக்கட்டும். சாதா ஊசி பவர் நெட்டில் தையலைத் தாண்டித் தாண்டி விழும். மெஷினில் ஜிக்ஜாக் கட்டாயம் வேண்டும். கால்மெஷின் நேர்த்தையலில் இலாஸ்டிக் வைத்தால் முதல் தடவை போடும்போதே நூல் படபடவென்று அறும். வீட்டில் கால்மெஷின் மட்டும்தான் என்றால் கப்பை அதில் தைத்துவிட்டு, இலாஸ்டிக் வேலைக்கு மட்டும் பக்கத்து வீட்டு அக்காவின் ஜிக்ஜாக் மெஷினைக் கேளுங்கள்.

படி 1: அளவு

மூச்சை முழுக்க வெளியே விட்டு, மார்புக்குக் கீழே விலா எலும்பைச் சுற்றி இஞ்ச் டேப்பை இறுக்கிப் பிடியுங்கள். இது பட்டை அளவு. பிறகு முதுகு தரைக்குச் சமமாக வரும்வரை குனிந்து, மார்பின் நிறைந்த இடத்தைச் சுற்றி டேப்பை இறுக்காமல் அளக்கவும். நின்றபடி அளந்தால் தளர்ந்த மார்புள்ளவர்களுக்கு அளவு குறைவாக வரும், கப் சின்னதாகிவிடும்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு அங்குலம் என்றால் ஏ, இரண்டு என்றால் பி, மூன்று சி, நான்கு டி, ஐந்து டபுள் டி. கீழ் அளவு 32, குனிந்த அளவு 37 உள்ளவருக்கு 32 டபுள் டி. கடையில் இவருக்கு 36 சி கொடுத்து அனுப்புவதும் உண்டு. கப் ஓரளவு பொருந்தும், பட்டை நாலு அங்குலம் தொளதொளவென்று இருக்கும்.

மூன்றாவது அளவைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு அடி நீளத்துக்கு வளையக்கூடிய கரண்ட் வயர் எடுத்து, மார்பு உடம்போடு சேரும் மடிப்பில், நடு நெஞ்சிலிருந்து அக்குள் வரை படிய வைத்து வளைக்கவும். அந்த வளைவைத் தாளில் வரைந்து, உங்கள் பிரா வயரை அதன்மேல் வையுங்கள். பிரா வயர் குறுகலாக இருந்தால் பக்கவாட்டுச் சதைமேல் ஏறி உட்காரும். சிவந்த கோடு விழுவது அதனால்தான்.

படி 2: பேப்பர் கட்டிங்

முதல் பிராவுக்கு வெறுந்தாளில் வரையத் தொடங்க வேண்டாம். கப் சரியாக இருந்து பட்டை மட்டும் தளர்ந்துபோன, கப்பில் தையல்கோடு உள்ள ஒரு பழைய பிராவை எடுங்கள். ஃபோம் கப் ஆகாது. அது அச்சில் அழுத்தி எடுத்த ஒரே துண்டு, அதைப் பிரிக்கவே முடியாது. ஒரு பாதியை மட்டும் பிரிக்கவும். எது எதன்மேல் தைத்திருக்கிறது என்று பார்க்க மறுபாதி வேண்டும்.

கப்பில் மூன்று துண்டு இருந்தால் நல்லது: நடு நெஞ்சுப் பக்கம் ஒரு கீழ்த்துண்டு, அக்குள் பக்கம் ஒரு கீழ்த்துண்டு, குறுக்கே ஒரு மேல்துண்டு. ஒவ்வொரு தையலும் ஒரு டாட் (துணிக்கு வளைவு கொடுக்கப் பிடிக்கும் மடிப்பு) செய்யும் வேலையைச் செய்கிறது. அதோடு தையல்கோடு துணியைவிட விறைப்பாக நிற்பதால் அதுவே கப்புக்கு எலும்பு. பெரிய கப்பை இரண்டே துண்டில் தைத்தால் முன்னால் கூம்பிக்கொள்ளும்.

துண்டுகளைத் தாளில் படிய வைத்து வரைந்து, தையலுக்குச் சுற்றிலும் 6 மிமீ சேர்க்கவும். பிளவுஸுக்கு விடுவது மாதிரி முக்கால் அங்குலம் விட்டால் வளைவு புரளாது. சேர வேண்டிய இரண்டு ஓரங்களையும் டேப்பை நிமிர்த்தி வைத்து அளந்து பாருங்கள். 3 மிமீ வித்தியாசத்தைத் தைக்கும்போதே சமாளிக்கலாம். அதற்கு மேல் என்றால் தாளிலேயே திருத்துங்கள். வயருக்குக் கீழே முன்சட்டம் தைத்து முடித்தபின் 2.5 செமீ உயரமாவது நிற்க வேண்டும். குழாய்ப்பட்டி 1 செமீ, இலாஸ்டிக் 1.2 செமீ, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது.

பின்பட்டையை மட்டும் பழையதிலிருந்து எடுக்காதீர்கள். அது ஏற்கனவே இழுபட்டு நீண்டுபோன துண்டு. கணக்குப் போட்டுத்தான் வரைய வேண்டும். விலா அளவு 32. முன்சட்டம் இரு பக்கத் தையலுக்கும் இடையே 13 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். மீதி 19. கொக்கியைக் கடைசி வரிசையில், அதாவது தளர்வான வரிசையில் மாட்டினால் கொக்கிப் பட்டி சுமார் 2 அங்குலத்தை எடுத்துக்கொள்ளும். மீதி 17. பவர் நெட் இழுத்துப் பிடிக்க ஐந்தில் ஒரு பங்கைக் கழியுங்கள்: 13.6. ஒரு பக்கத்துக்கு 6¾ அங்குலம். தையலுக்கான துணி இதில் சேராது.

படி 3: துணியைச் சோதித்து வெட்டுதல்

இந்தப் படியில் அவசரம் கூடாது. கப் துணியில் 10 செமீக்கு இரண்டு குண்டூசி குத்தி, ஸ்கேல் பக்கத்தில் வைத்து இரு கையாலும் இழுங்கள். 11 செமீக்கு மேல் போனால் அந்தப் பக்கம் இழுவை அதிகம். எந்தப் பக்கம் அதிகம் இழுபடுகிறதோ அந்தப் பக்கம் கப்பில் குறுக்காக, மார்பைச் சுற்றி ஓட வேண்டும். குறைவாக இழுபடும் பக்கம் மேலிருந்து கீழே. இதை மாற்றி வெட்டினால் பாரம் துணியைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். நூலையும் வயரையும் எவ்வளவு நல்லதாகப் போட்டாலும் சில வாரத்தில் கப் இறங்கிவிடும். இழுவை குறைந்த துணியே கிடைக்காவிட்டால் ஒரே துணியை இரண்டு மடங்காக வெட்டி, ஒன்றைக் குறுக்காகவும் ஒன்றை நெடுக்காகவும் வைத்துச் சேர்த்துத் தையுங்கள். ஒன்றின் இழுவையை மற்றொன்று பிடித்துக்கொள்ளும்.

முன்சட்டமும், இரண்டு கப்புக்கும் நடுவே உள்ள பாலமும் எந்தப் பக்கமும் இழுபடக் கூடாது. லைனிங் கட்டாயம். பாலம் அரை செமீ இழுபட்டால்கூட இரண்டு கப்பும் விலகிப் பக்கவாட்டில் சரியும்.

பவர் நெட்டில் அதிகம் இழுபடும் பக்கம் உடம்பைச் சுற்றி வர வேண்டும். 10 செமீ துண்டு இழுத்தால் 15 செமீ வரை போய், விட்டதும் சட்டென்று 10க்கு வர வேண்டும். 18, 20 என்று போனால் அது மெல்லியது, இரட்டையாகப் போடவும்.

படி 4: கப் தைத்தல்

இரண்டு கீழ்த்துண்டுகளையும் நல்ல பக்கம் உள்ளே வரச் சேர்த்து, நடுவிலும் இரு முனையிலும் குண்டூசி குத்தி, 2.5 மிமீ தையலில் போங்கள். இரண்டு ஓரமும் எதிரெதிராக வளைந்திருக்கும். மொத்தமாகச் சேர்த்துப் பிடிக்கப் பார்த்தால் வராது. ஊசியைத் துணியிலேயே நிறுத்தி, காலைத் தூக்கி, அடுத்த இரண்டு செமீ ஓரத்தை மட்டும் பொருத்தி, மறுபடி தையுங்கள். இழுத்துத் தைக்காதீர்கள், இழுத்தால் முடிந்தபின் தையல் அலையடிக்கும்.

உள்ளே நிற்கும் துணியை இரு பக்கமும் நகத்தால் விரித்து அமுக்கி, தையல்கோட்டுக்கு இரு புறமும் 2 மிமீ தள்ளி மேல்தையல் போடவும். அயர்ன் பெட்டி சூடாக இருந்தால் நைலான் உருகும், நகமே போதும். பிறகு மேல்துண்டை அதே மாதிரி சேர்க்கவும். முலைமுனை வரும் இடத்தில் கூர்மையாகத் துருத்தினால் அங்கே வளைவு சட்டென்று திரும்புகிறது என்று பொருள். முனைக்கு இரு பக்கமும் ஒரு செமீ தூரத்துக்குத் தையலைக் கொஞ்சம் தட்டையாக்கினால் உருண்டு வரும். லைனிங்கையும் இதேபோல் தனியாகத் தைத்து, தையல் பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க உள்ளே வைத்து, ஓரத்தைச் சேர்த்து ஒரு ஓட்டுத்தையல் போட்டுவிடுங்கள். மேல்விளிம்புக்கு 6 மிமீ இலாஸ்டிக்கைக் கொஞ்சமும் இழுக்காமல் வைக்கவும்.

படி 5: சட்டமும் பட்டையும்

பாலம், முன்சட்டம், பின்பட்டை மூன்றையும் வரிசையாகச் சேர்க்கவும். கப் வைப்பதற்கு முன், எல்லாம் தட்டையாக இருக்கும்போதே கீழ்விளிம்பு இலாஸ்டிக்கைத் தைத்துவிடுவது சுலபம்.

இலாஸ்டிக்கைத் துணியின் நல்ல பக்கத்தில், மெத்தென்ற முகம் மேலே பார்க்க, பூவிளிம்பு (சின்னச் சின்ன வளைவாக இருக்கும் அலங்கார ஓரம்) உள்நோக்கி இருக்க வைக்கவும். பூவிளிம்பை ஒட்டி ஒரு ஜிக்ஜாக். பிறகு அப்படியே உள்பக்கம் திருப்பினால் மெத்தென்ற முகம் தோலில் படும். வெளியிலிருந்து மூன்று குத்து ஜிக்ஜாக் (ஒவ்வொரு சாய்வுக்கும் மூன்று குத்து விழும் தையல்) போட்டு முடிக்கவும். முன்சட்டத்தின் கீழே துணியும் இலாஸ்டிக்கும் ஒரே நீளம். பின்பட்டையில் மட்டும் பத்தில் ஒரு பங்கு குறைத்து, 6¾ அங்குலத் துணிக்கு 6 அங்குல இலாஸ்டிக்கை இழுத்துப் பிடித்துத் தைக்கவும். முன்னாலும் இழுத்துத் தைத்தால் சட்டம் சுருங்கி, வயர் குவிந்து, பாலம் நெஞ்சைவிட்டு எழும்பும்.

படி 6: கப்பும் வயரும்

கப்பைச் சட்டத்தின் வட்டத்தில் பொருத்தித் தைத்தபின் குழாய்ப்பட்டி வருகிறது. முதலில் அதன் ஒரு ஓரத்தைக் கப்–சட்டத் தையலின் உள்துணியோடு மட்டும் தைக்கவும். கப் துணி அடியில் மாட்டிக்கொள்ளாமல் இடக்கையால் விலக்கிக்கொள்ளுங்கள். பிறகு பட்டியைச் சட்டத்தின்மேல் படுக்கவைத்து, வெளிப்பக்கமிருந்து இரண்டு ஓரத்திலும் மேல்தையல். இரண்டு தையலுக்கும் நடுவே எங்காவது ஊசி குழாயைக் குத்தியிருந்தால் வயர் அங்கே முட்டி நிற்கும். வயரை நுழைத்துப் பார்த்துவிட்டே அடுத்த வேலைக்குப் போங்கள்.

வயரைவிடக் குழாய் ஒவ்வொரு முனையிலும் 6 மிமீ நீளமாக இருக்கட்டும். உடம்பு அசையும்போது வயரும் அசைய இடம் வேண்டும். இடம் இல்லாவிட்டால் முனை துணியைத் துளைத்து வெளியே வரும். நெட்டையான முனை அக்குள் பக்கம். 10 மிமீ இலாஸ்டிக்கை அக்குள் விளிம்பிலும் முதுகின் மேல்விளிம்பிலும் லேசாக இழுத்து வைத்தபின், வயரை நுழைத்து, இரு முனையையும் நெருக்கமான ஜிக்ஜாக்கில் முன்னும் பின்னும் நாலைந்து தடவை ஓட்டி அடைக்கவும்.

வாரில் முன்பாதியைக் கப் துணியிலேயே இரட்டையாகத் தைத்துவிடுங்கள். முதுகுப் பக்கம் 15 செமீ மட்டும் இலாஸ்டிக். முழு வாரும் இலாஸ்டிக் என்றால் நடக்கும்போது குதிக்கும். வாரைப் பின்னால் முதுகுத்தண்டுக்குக் கிட்டத்தில் இணைத்தால் தோளிலிருந்து நழுவாது. கடைசியாகக் கொக்கிப் பட்டி.

போட்டுப் பார்க்கும்போது

கண்ணாடி முன்னால் நேராக நின்று பார்ப்பது போதாது. ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுப்பவர் கையை ஓங்குவார், செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குபவர் நூறு தடவை குனிவார். கையைத் தூக்கி, குனிந்து, நிமிர்ந்து பாருங்கள். பின்பட்டை மேலே ஏறினால் பட்டை தளர்வு. வாரை இறுக்க வேண்டாம், பட்டையைக் குறையுங்கள். பாலம் நெஞ்சில் படியாவிட்டால் பெரும்பாலும் கப் சிறிது. மேல்விளிம்பில் சதை பிதுங்கினாலும் அதே காரணம். மேல்துண்டில் துணி சுருக்கம் விட்டால் அந்தத் துண்டை மட்டும் 5 மிமீ குறைத்து மறுபடி வெட்டவும்.

இலாஸ்டிக் ஏன் செத்துப்போகிறது

பேராக்கின் கோலகங்சாரில் 1877-ல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. அந்த வகை மரத்துப் பாலில் செய்த நூல்தான் பல இலாஸ்டிக்கில் உள்ளே ஓடுகிறது. அதற்கு எண்ணெயும் வெயிலும் எமன். தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய் முதுகில் வழிந்து பட்டையில் ஊறினால் ரப்பர் பிசுபிசுத்து, பிறகு நொறுங்கும். பவர் நெட்டில் இருப்பது ஸ்பாண்டெக்ஸ். 1958-ல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கிய இழை. எண்ணெயை ரப்பரைவிட நன்றாகத் தாங்கும். குளோரின் பிளீச்சையும் கடும் சூட்டையும் தாங்காது. அதனால் வெள்ளை பிராவானாலும் பிளீச் வேண்டாம், டிரையரும் வேண்டாம். பச்சைத்தண்ணீரில் கையால் அலசி, பிழியாமல் துண்டில் வைத்து அமுக்கி, நிழலில் பாலத்தைக் கம்பிமேல் போட்டுக் காயவிடுங்கள். வாரில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனமே வாரை நீட்டிவிடும். ஒரே பிராவைத் தினமும் போடாமல் ஒரு நாளாவது இடைவெளி விட்டால் இலாஸ்டிக் மீண்டு வரும்.

புதிதில் தளர்வான வரிசையில் கொக்கியை மாட்டி, பட்டை இளக இளக உள்வரிசைக்கு வாருங்கள். கடைசி உள்வரிசையும் தளர்ந்த பிறகு கப் இன்னும் நன்றாக இருந்தால் பின்பட்டையையும் கீழ் இலாஸ்டிக்கையும் மட்டும் பிரித்து, படி 2-ன் கணக்குப்படி புதிதாக வெட்டி மாற்றினால் போதும்.