பெரியவர்களுக்குக் காது மிஷின்: வாங்கியது பீரோவுக்குள் போகாமல் இருக்க

டிவி சத்தம் தெருமுனை வரை கேட்கிறது, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை, ஆனால் கேட்டால் "எனக்கு நல்லாத்தான் கேக்குது, நீங்கதான் முணுமுணுன்னு பேசுறீங்க" என்று பதில் வருகிறதா? அவர் சொல்வதில் பாதி நிஜம். வயதாகும்போது காது முதலில் இழப்பது கீச்சு ஓசைகளைத்தான். உயிரெழுத்துகள் கனமான ஓசை, அவை கேட்டுவிடும். க, ச, த, ப, ஸ மாதிரி சட்டென்று வந்து போகிற மெல்லிய ஓசைகள்தான் நழுவும். "தட்டு எடு" என்றால் "கட்டு எடு" என்று விழும். சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை. அதனால்தான் காதருகே போய்க் கத்தினாலும் பிரயோஜனமில்லை.

முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர், அப்புறம்தான் மிஷின் கடை. இந்த வரிசையை மாற்றாதீர்கள். குறும்பி அடைத்திருந்தாலோ, செவிப்பறையில் ஓட்டை இருந்தாலோ, சீழ் வடிந்தாலோ வைத்தியமே வேறு. இன்னொன்று, நேற்று வரை நன்றாகக் கேட்ட ஒரு காது திடீரென்று அடைத்துப்போனால் "சளியா இருக்கும்" என்று வாரக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அதற்கு ஸ்டீராய்டு மருந்து உண்டு, நாள் தள்ளத் தள்ள அது பலன் தரும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

அடுத்து ஆடியோகிராம், அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் சோதனைத் தாள். சத்தம் வராத அறையில் ஹெட்போன் மாட்டி, பீப் கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். வரும் தாளில் மேலே எழுதியிருப்பது ஓசையின் கீச்சு அளவு, பொதுவாக 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை. கீழே இறங்க இறங்க டெசிபல் கூடும், அதாவது அவ்வளவு சத்தம் வைத்தால்தான் கேட்கிறது. சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது. வயதானவர்களின் கோடு பெரும்பாலும் இடப்பக்கம் மேலே இருந்து வலப்பக்கம் போகப்போகச் சரிந்து இறங்கும். அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கடைக்குப் போனாலும் அதைக் காட்டித்தான் பேச வேண்டும்.

ஆன்லைனில் ஐந்நூறு, ஆயிரத்துக்கு விற்பவை வெறும் ஆம்ப்ளிஃபயர். மிக்ஸி சத்தத்தையும் பேரன் பேச்சையும் ஒரே அளவில் தூக்கிக் கொடுக்கும். நல்ல டிஜிட்டல் மிஷின் அந்த ஆடியோகிராமைப் பார்த்து, காதுக்குக் கேட்காத ஓசைகளை மட்டும் கூட்டிக் கொடுக்கும். விலை சில ஆயிரத்தில் தொடங்கி லட்சத்தைத் தாண்டும். என்னைக் கேட்டால் சேனல் (மிஷின் ஓசையைக் கீச்சு வாரியாகப் பிரித்துக் கையாளும் பிரிவு) எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். உள்ளூரில் ஆடியாலஜிஸ்ட் (காதைச் சோதித்து மிஷினைப் பொருத்தித் தருபவர்) இருக்கிறாரா, வீட்டுக்குக் கொண்டுபோய் டிரயல் பார்க்க விடுவாரா, ட்யூனிங் செய்ய எத்தனை முறை வந்தாலும் முகம் சுளிக்காமல் பார்ப்பாரா என்பதற்குத்தான் காசு கொடுக்க வேண்டும். விரல் நடுக்கம், கண் மங்கல் இருப்பவருக்குக் காதுக்குள் முழுசாகப் போகும் குட்டி மாடல் வேண்டாம். வெளியே தெரியாது என்று ஆசைப்பட்டு வாங்குவார்கள், பிறகு பேட்டரி மாற்ற முடியாமல் திண்டாடுவார்கள். காதுக்குப் பின்னால் மாட்டுவதோ, சார்ஜ் போடுகிற மாடலோ சுலபம். இரண்டு காதிலும் குறை இருந்தால் இரண்டுக்கும் போட்டால்தான் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியும்.

இனிமேல்தான் நிஜமான வேலை. வருஷக்கணக்கில் அமைதிக்குப் பழகிய மூளைக்குத் திடீரென்று ஃபேன் சத்தம், பாத்திரச் சத்தம், தன் குரலே குடத்துக்குள் பேசுவது போல என்று எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழும். முதல் நாளே கல்யாண மண்டபத்துக்குப் போட்டு அனுப்பினால் அன்றோடு கழற்றி வைத்துவிடுவார். வீட்டுக்குள், ஒருவர் மட்டும் எதிரே உட்கார்ந்து பேசுகிற நேரத்தில் ஆரம்பியுங்கள். அப்புறம் டிவி, அப்புறம் நாலு பேர் பேசுகிற இடம், கடைசியாகத்தான் கடைத்தெருவும் பஸ்ஸும். எது தொந்தரவு செய்தது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். "சரியில்லை" என்றால் ஆடியாலஜிஸ்ட்டால் ஒன்றும் செய்ய முடியாது. "குக்கர் விசில் வலிக்குது, மருமகள் பேசுறது மட்டும் புரியலை" என்றால் ட்யூன் செய்துவிடுவார்.

மாட்டும்போது சிவப்புக் குறி வலது காது, நீலம் இடது. கீ என்று விசில் அடித்தால் பெரும்பாலும் காதுக்குள் போகும் அச்சு சரியாக உட்காரவில்லை, அல்லது குறும்பி சேர்ந்திருக்கிறது. மிஷின் வேலை செய்கிறதா என்று பார்க்க, ஆன் செய்து உள்ளங்கைக்குள் பொத்திப் பிடியுங்கள், பெரும்பாலான மிஷின்கள் விசில் அடிக்கும். குட்டிப் பேட்டரியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை எடுத்து ஒன்றிரண்டு நிமிஷம் காற்றில் வைத்துவிட்டுப் போடுங்கள், உள்ளே காற்று போனால்தான் அது உயிர்பெறும். ஸ்டிக்கரை எடுத்துவிட்டால் மறுபடி ஒட்டி மிச்சம் பிடிக்க முடியாது. ஸ்டிக்கர் நிறமே அளவு: மஞ்சள் 10, பழுப்பு 312, ஆரஞ்சு 13, நீலம் 675. குழந்தைகள் இருக்கிற வீட்டில் பேட்டரி மேஜைமேல் கிடக்கக் கூடாது. விழுங்கிவிட்டால் நேராக ஆஸ்பத்திரிதான்.

நம் ஊர் வியர்வையும் கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றும் மிஷினுக்கு எமன். இரவில் பேட்டரி மூடியைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். குளிக்கும்போதும் தலைக்கு எண்ணெய் வைக்கும்போதும் கழற்றிவிட வேண்டும்.

மிஷின் போட்டாச்சு என்று அடுப்படியிலிருந்தே கத்தாதீர்கள். எதிரே வந்து, முகத்தில் வெளிச்சம் விழ நின்று, நிதானமாகப் பேசுங்கள். புரியவில்லை என்றால் அதையே திருப்பிச் சொல்லாமல் வேறு வார்த்தையில் சொல்லிப் பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் இருக்கிறது, பேசுவதைத் தமிழிலேயே எழுத்தாகக் காட்டும். டாக்டரிடம் போகும்போது ரொம்ப உதவும்.

காசு பிரச்சினை என்றால் அரசு மருத்துவமனையில் சோதித்து, மாற்றுத்திறனாளி சான்று வாங்கி, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இரண்டு காதிலும் 60 டெசிபல் முதல் குறை இருந்தால் கேட்கும் திறன் குறைந்தவர், 70-ஐ எட்டினால் காது கேளாதவர் என்ற வகை. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள முதியவர்களுக்கு மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்திலும் காது மிஷின் உண்டு. போகும்போது ஆடியோகிராம், ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ எல்லாவற்றையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.